நாலாம் நம்பர் மெஷினில் கரும்புள்ளி

அன்றைக்குக் காலை எண்ணியபோது காப்பகத்தில் முப்பத்தோரு மீன்தான் மிச்சம். முந்தின நாள் சாயங்காலம் முப்பத்தெட்டு. போன மாதம் இருநூற்று அறுபது. வலையக்கா ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். எண்ணினால் கூடிவிடுமா என்ன?

வலையக்கா என்பது அவளுக்கு அங்கே விழுந்த பெயர். பதினெட்டு வருடமாகக் கைப்பிடி வலையும் கையுமாகத் தொட்டி தொட்டியாக அலைகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அவள் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு சாதி மீனை. சுனைக்கெண்டை. விரல் கணு நீளம்கூட வராது. உலகத்திலேயே ஒரே ஒரு சுனையில் இருந்த மீன். அந்தச் சுனையைக் கல்குவாரி விழுங்குவதற்கு முந்தின வாரம், பதினோரு மீனை வாளியில் அள்ளிக்கொண்டு வந்துதான் இந்தக் காப்பகத்தையே ஆரம்பித்தார்கள். அந்தப் பதினொன்றின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு உடம்பில் வெள்ளைப் பூஞ்சை பூத்து, பஞ்சு மாதிரி மிதந்துகொண்டிருந்தன.

ஒன்பது மணிக்கு மரபணு டாக்டர் வந்தாள். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். முப்பது வயதுப் பெண். தலையில் ஹெல்மெட், கக்கத்தில் லேப்டாப்.

"சார், அக்கா, ரெண்டு பேரும் இங்க வாங்க! உக்காராதீங்க, நின்னுக்கிட்டே கேளுங்க!"

"முதல்ல ஹெல்மெட்டக் கழட்டும்மா," என்றார் காப்பகத் தலைவர். அவருக்கு அட்டை சார் என்று பெயர். அது ஏன் என்று இதோ வருகிறது.

"அதெல்லாம் அப்புறம் சார். முதல் பதினோரு மீனோட துடுப்புல துளி வெட்டி ஸ்பிரிட்ல போட்டு வச்சிருந்தீங்கல்ல? அதுலேருந்து மரபணு எடுத்துட்டேன்! பத்தொம்பது வருஷத்துத் துண்டுலேருந்து!"

"சபாஷ்!" என்றார் அட்டை சார்.

"சபாஷ் சொல்லாதீங்க, முழுசாக் கேளுங்க. உடம்புக்குள்ள நோய் வந்தா அடையாளம் கண்டுபிடிக்கிற ஒரு மரபணு இருக்கு. வாசல்ல நிக்கிற காவல்காரன்னு வச்சுக்கங்க. அந்தப் பதினோரு மீன்ல அது ஒம்பது விதமா இருந்துச்சு. ஒம்பது காவல்காரங்க. ஒருத்தன் கண்ணுல மண்ணத் தூவுற திருடன் இன்னொருத்தன்கிட்ட மாட்டிக்குவான். இப்ப நம்ம தொட்டியில இருக்கறதுங்ககிட்ட எத்தன விதம் தெரியுமா?"

"எத்தன?"

"ரெண்டு. அந்த ரெண்டு பேரையும் இந்தப் பூஞ்சை ஏமாத்திடுச்சு. ஒரு மீன் வீட்டுக்குள்ள நுழையத் தெரிஞ்சா அதுக்கு எல்லா மீன் வீடும் திறந்த வீடுதான். எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு சார்."

"மத்த ஏழு எங்கம்மா போச்சு?"

டாக்டர் சுவரைப் பார்த்து விரலை நீட்டினாள்.

சுவரில் ஒரு அட்டை. பத்தொன்பது வருடத்துக்கு முன் அட்டை சார் தன் கையாலேயே வண்ணப் பென்சிலில் வரைந்தது. பக்கவாட்டில் நூல் பிடித்த மாதிரி ஒரு தங்கக்கோடு. இரண்டு பக்கமும் அளவெடுத்த வால். உடம்பில் ஒரு பொட்டுகூடக் கிடையாது. அத்தனை அழகு. அடியில் கொட்டை எழுத்தில், 'இதற்குப் பொருந்தாதவை கழிக்கப்படும்.' கோடு கோணினாலோ, வால் ஒரு பக்கம் நீண்டாலோ, உடம்பில் கரும்புள்ளி இருந்தாலோ அந்த மீன் கழிவு வாளிக்குப் போக வேண்டும். வாளியில் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய். வலி தெரியாமல் தூங்கிவிடும்.

"புள்ளி இருந்தா வேற மீன் கலந்துடுச்சுன்னு அர்த்தம்மா," என்றார் அட்டை சார். குரல் இறங்கிவிட்டது. "இனம் சுத்தமா இருக்கணும்னுதான்..."

"கலக்கவே இல்ல சார். முதல் பதினொண்ணுல நாலு மீனுக்குப் புள்ளி இருந்துச்சு. உங்க கையெழுத்துலயே குறிப்பு இருக்கு. புள்ளிக்கும் காவல்காரனுக்கும் நேரடியா ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா புள்ளி மீனத் தூக்கிப் போட்டப்ப, அது உடம்புல இருந்த மத்ததெல்லாமும் கூடவே போயிடுச்சு. பாய வேணாம்னு சுருட்டி எறிஞ்சா, படுத்திருந்த குழந்தையும் சேந்து போன கதை."

அட்டை சார் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். 'கழிவு வாளி காலி' என்று ஆறு வருடமாக அறிக்கையில் பெருமையாக எழுதின மனுஷன் அவர். கழிக்கிறதுக்கு ஒன்றுமே மிஞ்சாததால்தான் வாளி காலி என்பது இப்போதுதான் உறைத்தது.

வலையக்கா டாக்டர் பக்கம் நகர்ந்தாள்.

"டாக்டரம்மா, இப்ப ஒரு புள்ளி மீன் கிடைச்சா?"

"எங்க அக்கா கிடைக்கும்? சுனையே போயிடுச்சு."

"எங்க கிடைக்கும்னு நான் கேக்கல. கிடைச்சா?"

"கிடைச்சா இந்த இனம் பொழைக்கும் அக்கா! இதே ஹெல்மெட்டோட நான் டான்ஸ் ஆடுவேன்!"

வலையக்கா வலையைச் சுவரில் சாய்த்தாள். பதிவேட்டை எடுத்து வந்து அட்டை சார் மடியில் வைத்தாள்.

"சார், இதுல 'கழிக்கப்பட்டது'ன்னு இருநூத்திப் பதினாலு இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். முதல் வாளிய மட்டும்தான் நெஜமாக் கழிச்சேன். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. மிச்சம் இருநூத்திப் பதிமூணும் பொய்."

"என்னம்மா சொல்ற?"

"கொல்றதுக்குக் கை வரல சார். தண்ணி பாட்டில்ல போட்டு, சாப்பாட்டுப் பையில வச்சு வெளிய கொண்டு போயிட்டேன். என் நாத்தனார் சலவைக்கடை வச்சிருக்கா. அங்க தரைக்கு அடியில பெரிய தண்ணித்தொட்டி. கொசுப்புழு நெளியுதுன்னு சுகாதாரத்துறைக்காரங்க அவளப் புடிபுடின்னு புடிச்சாங்க. கொசு தின்னும், விடுன்னு சொல்லி குடுத்தேன். வாளி காலியாகற வரைக்கும் பத்து வருஷம், கழிக்கச் சொன்ன அத்தனையும் அங்கதான் போச்சு."

அட்டை சார் முகம் சிவந்தது. எழுந்தார். பதிவேடு கீழே விழுந்தது.

"அரசாங்கப் பதிவேட்டுல பொய் எழுதியிருக்க! அழிவுல இருக்கற உயிரினத்த சாப்பாட்டுப் பையில கடத்தியிருக்க! உன்ன..."

"சார்," என்றாள் டாக்டர், "அக்காவ அப்புறம் சஸ்பெண்ட் பண்ணிக்கலாம். வண்டிச் சாவி எங்க?"

வலையக்கா அதற்குள் நாத்தனாருக்குப் போன் போட்டுவிட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கமாட்டாள் என்று இவளுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வக்கீலுடைய கால்சட்டைப் பையில் மீன் ஒன்று இருந்திருக்கிறது. சும்மா இல்லை. துவைத்து, காய வைத்து, இஸ்திரியும் போட்ட மீன். காகிதம் மாதிரி தட்டை. வக்கீல் அதை நீதிமன்றத்தில் கைக்குட்டை என்று நினைத்து உருவியிருக்கிறார். நாத்தனார் இதைப் போனில் சொல்லி அழுதபோது வலையக்கா ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டாள். சின்னச் சிரிப்பா? விக்கல் வருகிற அளவுக்கு. அன்றைக்கிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஏழாவது தடவை யாரோ எடுத்தார்கள். கடையில் துணி மடிக்கிற பெண்.

"அக்கா வெளிய நிக்கிறாங்க. தொட்டி கழுவ ஆள் வந்திருக்கு. பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை போடப் போறாங்களாம். மீன் நாத்தமே இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அக்கா வந்தா கூப்பிடச் சொல்லவா?"

வலையக்கா போனைக் கீழே வைக்கவில்லை. போட்டாள்.

வண்டியை அட்டை சாரே ஓட்டினார். வாழ்க்கையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர் அவர். மாட்டு வண்டி அவரை முந்தியிருக்கிறது என்று காப்பகத்தில் ஒரு பேச்சு உண்டு. அன்றைக்கு ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பின்னால் பிராணவாயு உருளையும், பாலித்தீன் பைகளும், தெர்மோகோல் பெட்டியும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவற்றுக்கு நடுவில் டாக்டர், இன்னும் ஹெல்மெட்டோடு. அதுவும் நல்லதுக்குத்தான் ஆயிற்று. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் தலை கூரையில் இடித்தது.

"சார், சிக்னல் சிவப்பு!"

"தெரியுது!"

"தெரிஞ்சா நிறுத்துங்க! மீனக் காப்பாத்தப் போய் நாம கழிவு வாளிக்குப் போயிடப் போறோம்!"

சிக்னலில் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் அட்டை சார் திரும்பாமலே கேட்டார்.

"அந்த முதல் வாளியில எத்தன இருந்துச்சு?"

"ஒம்பது சார்."

பச்சை விழுந்ததும் வண்டி பாய்ந்தது.

சலவைக்கடை இருந்த தெருவில் திரும்பும்போதே மூக்கைப் பிடுங்கியது பிளீச்சிங் வாசனை. வலையக்கா, கிளம்பும்போது பழக்கதோஷத்தில் எடுத்து வந்த வலையோடு, வண்டி நிற்பதற்குள் குதித்தாள். கடை வாசலில் தரைத்தொட்டியின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தாள். உள்ளே முழங்கால்வரை பூட்ஸ் போட்ட ஒருவர் தென்னந்துடைப்பத்தால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு செதில் இல்லை.

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. எல்லாம் போச்சு டாக்டரம்மா."

அட்டை சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

உள்ளேயிருந்து தொட்டிக்காரர் தலையை நீட்டினார். "என்ன போச்சு? சாவியா, மோதிரமா? ஏதாச்சும் விழுந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் என் மேல பழி போடாதீங்க."

"மீனு. இதுல இருந்த மீனெல்லாம்."

"மீனா? நான் மோட்டார் போடறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தேனே, ஒரு பூச்சிகூட இல்ல. மேல ஒரு தொட்டி இருக்குன்னாங்க. அதுக்குப் போற ஏணியில ரெண்டு படி ஒடஞ்சிருக்கு. எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு, அதுல நான் ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன்."

மேல்தொட்டிப் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. 'ஒரு பூச்சிகூட இல்ல' என்பது மட்டும்தான் வலையக்கா காதில் விழுந்தது. மோட்டார் போடுவதற்கு முன்பே இல்லை என்றால்?

அவள் எழுந்தாள். அதே நேரத்தில் கடைக்குள்ளிருந்து நாத்தனார் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைக் கட்டி நின்றாள்.

"வாங்க அண்ணி. சிரிக்க வந்தீங்களா?"

"மீன் எங்கம்மா?"

"எந்த மீன்? இஸ்திரி போட்டதா, போடாததா?"

"தப்புதான். நான் சிரிச்சது தப்பு. உன் கால்ல வேணா விழறேன்."

"விழுங்க. இப்பத்தான் பெருக்கினோம், தரை சுத்தமாத்தான் இருக்கு."

வலையக்கா நிஜமாகவே குனிந்தாள். நாத்தனார் பதறி இரண்டடி பின்னால் போனாள். "அய்யய்ய, எங்க அண்ணன் என்னைக் கொன்னுடுவார்! எழுந்திரிங்க! கொசு தின்னுற மீனுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இது யாரு, தலையில குடத்தக் கவுத்துக்கிட்டு?"

டாக்டர் முன்னால் வந்தாள். "அம்மா, அது கொசு மீன் இல்ல. உலகத்துலயே வேற எங்கயும் இல்லாத மீன். நோய் படாம மிஞ்சினதுல உங்க தொட்டியில இருந்ததுதான் கடைசி."

நாத்தனார் வாய் திறந்தபடி நின்றாள். அண்ணியைப் பார்த்தாள். அட்டை சாரைப் பார்த்தாள்.

"அடப்பாவி அண்ணி, இத ஏன் பதினாறு வருஷமா சொல்லல? ஒவ்வொரு நாளும் ரொட்டித்தூள் போட்டு வளத்தேன். மூடியத் தட்டினா மேல வந்து வாயப் பொளக்குங்க. எனக்கு வாய்தான் நீளம், கை நீளாது. தொட்டி கழுவ ஆளு வரான்னதும் பிளீச்சிங்ல போட்டுக் கொல்ல மனசு வருமா? விடிஞ்சதும் நானே எறங்கி எல்லாத்தையும் புடிச்சு உள்ள வச்சிட்டேன். வாங்க, காட்டறேன்."

"உள்ளன்னா?"

"நாலாம் நம்பர் மெஷின்ல."

மூன்று பேரும் ஒரே குரலில் "என்னது!" என்றார்கள்.

"ஏன் கத்தறீங்க? பட்டுத்துணியும் மெல்லிசுத் துணியும் போட்டுத் துவைக்கிற வலைப்பை இருக்குல்ல, கண்ணு ஊசி முனை மாதிரி இருக்கும், அதுக்குள்ள மீன விட்டு, பைய மெஷினுக்குள்ள வச்சு, கதவச் சாத்தி, சோப்பு ஊத்துற வழியா பழைய தொட்டித் தண்ணியவே குடம் குடமா ஊத்தினேன். புதுத்தண்ணி ஆகாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தா நல்லா நீந்துதுங்க. யாரும் சுவிட்சப் போட்டுடக் கூடாதுன்னு 'பழுது'ன்னு ஒரு அட்டை எழுதி மாட்டிட்டேன்."

அவள் பெருமையாகச் சொல்லி முடிக்கவும், கடைக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் கேட்கவும் சரியாக இருந்தது.

"அக்கா, நாலாம் நம்பர்தானே பழுது? தண்ணி நிறைய நிக்குது. முதல்ல வடிகாலத் தெறந்து விட்டுடறேன்!"

அது மெக்கானிக். வாரத்துக்கு ஒரு நாள் வந்து மெஷின்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர். 'பழுது' என்று அட்டை மாட்டியிருந்தால் கேள்வி கேட்காமல் கழற்றிவிடுவார். அதுதான் அவர் தொழில்.

நாத்தனார் ஓடின ஓட்டத்தை வலையக்கா அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. துணிக்கூடைகளைத் தாண்டி, இஸ்திரி மேசையை இடித்து, "தொடாதீங்க! தொடாதீங்க!" என்று அலறிக்கொண்டு போனாள். பின்னாலேயே மூன்று பேர்.

வரிசையாக ஆறு மெஷின். நான்காவதின் வட்டக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கீழே மண்டி போட்டிருந்தார். வடிகால் திருகு அவர் கையில். தண்ணீர் தரையில் குபுகுபுவென்று ஓடியது.

"மூடுங்க! மூடுங்கய்யா!"

"நீங்கதானேக்கா பழுதுன்னு..."

"பழுது மெஷின் இல்ல, என் புத்தி! மூடுங்க!"

மெக்கானிக் திருகினார். தண்ணீர் நின்றது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது நாலு விரல் தண்ணீர்தான். வலைப்பை அடியில் சுருண்டு கிடந்தது. அதற்குள் சிறுசிறு வாய்கள் திறந்து மூடின. கொஞ்சம் மீன்கள் ஈர வலையில் படுத்துத் துள்ளின.

வலையக்கா கையிலிருந்த வலையோடு கதவைத் திறக்கப் பாய்ந்தாள்.

"அக்கா நிறுத்துங்க!" டாக்டர் கத்தினாள். "அந்த வலை காப்பகத்து வலை! அதுல பூஞ்சை இருக்கு! அது தண்ணியில பட்டா இதுவும் போச்சு!"

வலையக்கா வலையைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாகக் கையோடு ஒட்டியிருந்த வலை. அதைத் தெருப்பக்கம் வீசினாள், ஏதோ பாம்பைப் பிடித்துவிட்ட மாதிரி. கடைக்காரியின் சலவைச் சோப்பில் முழங்கைவரை தேய்த்து, ஒரு சொட்டுச் சோப்பு இல்லாமல் தொட்டித் தண்ணீரில் அலசினாள். அந்தத் தண்ணீரும் அங்கேயே இருந்தது. நாத்தனார் மீன் எடுத்த கையோடு இரண்டு பீப்பாய் நிறையப் பழைய தண்ணீரையும் எடுத்து வைத்திருந்தாள். திறந்த பீப்பாயில் யாராவது துணியை முக்கிவிடுவார்கள் என்றுதான் மீனை மட்டும் மெஷினுக்குள் வைத்திருந்தாள்.

"தொட்டில்லேருந்து புள்ளயத் தூக்கற மாதிரி தூக்குங்க அண்ணி. இந்தப் பக்கம் ரெண்டு மூலைய நான் புடிக்கிறேன்."

கதவைத் திறந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் வலைப்பையின் நாலு முனையைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி, பீப்பாயில் இறக்கினார்கள். பை தண்ணீரில் விரிந்தது. ஒரு வினாடி ஒன்றும் அசையவில்லை. மெக்கானிக்கூடத் மூடின திருகின்மேல் வைத்த கையை எடுக்காமல் இருந்தார்.

அப்புறம் ஒன்று வாலை அடித்தது. இன்னொன்று. பிறகு மொத்தப் பையும் கொதிக்கிற மாதிரி சிலுசிலுத்தது.

அட்டை சார் தரையில் தேங்கியிருந்த தண்ணீரில் முட்டி போட்டார். பேண்ட் நனைந்ததை அவர் கவனிக்கவில்லை. மூக்கு தண்ணீரில் படும் அளவுக்குக் குனிந்தார்.

"இதுக்கு வால் ஒரு பக்கம் நீளம்," என்றார். "இதுக்குக் கோடு வளைஞ்சிருக்கு. இது... இதுக்கு மூணு புள்ளி. அங்க பாரும்மா, அதுக்கு உடம்பு பூரா புள்ளி! இதுல ஒண்ணுகூட என் அட்டைக்குப் பொருந்தாது!"

"எத்தன சார்?"

"எண்ண விடும்மா, நிக்க மாட்டேங்குது!" அவர் குரலில் சின்னப் பையனின் ஆசை வந்துவிட்டது. ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினார். "அம்பத்தெட்டு!"

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஹெல்மெட்டோடு, ஈரத்தரையில், ஆறு மெஷின்களுக்கு முன்னால் ஆடினாள். துணி மடிக்கிற பெண் கை தட்டினாள். தொட்டிக்காரர் பூட்ஸோடு உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சுண்டுவிரல் மீனுக்கா இத்தன கூத்து? எனக்கு மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் பத்தாதே," என்று சொல்லி நாத்தனாரிடம் திட்டு வாங்கினார்.

ஐம்பத்தெட்டும் காப்பகத்துக்குத்தான் போயின. ஆனால் பழைய தொட்டிக் கூடத்துக்கு இல்லை. அட்டை சார் தன் அறையையே காலி செய்து கொடுத்தார். தனித் தொட்டி, தனிக் குழாய், தனிச் செருப்பு, தனி வலை. வலையக்கா அந்தக் கதவைத் தாண்டும் முன் கணுக்கால்வரை மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் போனாள். டாக்டர் ஒவ்வொரு மீனின் வால் ஓரத்திலும் ஊசி முனையளவு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சோதனை முடிவுக்குக் காத்திருந்த பதினோரு நாளும் வலையக்காவுக்கு ஒரு வேலை இருந்தது. தண்டனை என்று சொன்னால் தண்டனை.

"இருநூத்திப் பதிமூணு பொய்யையும் உன் கையாலயே திருத்தணும்," என்றார் அட்டை சார். "எது எங்க போச்சுன்னு."

அவள் வரி வரியாக 'கழிக்கப்பட்டது' என்பதை அடித்து, 'சலவைக்கடைத் தொட்டி' என்று எழுதினாள். முதல் ஒரு வரியை மட்டும் அடிக்கவில்லை. அதற்குக் கீழே அட்டை சார் தன் கையெழுத்தையும் போட்டார். மேலிடத்துக்கு அவர் எழுதின கடிதத்தில் 'ஊழியர் விதியை மீறினார்; விதி தவறு' என்று இரண்டே வாக்கியம்.

பன்னிரண்டாம் நாள் காலை டாக்டர் ஓடி வந்தாள். நல்லவேளை, இந்தத் தடவை ஹெல்மெட்டை மறந்து வண்டியிலேயே வைத்துவிட்டாள்.

"அஞ்சு! தொலைஞ்சுபோன ஏழுல அஞ்சு கிடைச்சிடுச்சு!"

வலையக்கா வலையைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தாள். அட்டை சார் சுவரிலிருந்து தன் அட்டையைக் கழற்றினார். திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்பது கட்டம் போட்டார். இருந்த இரண்டு, வந்த ஐந்து, ஆக ஏழு கட்டத்தில் டிக் அடித்தார். பென்சில் எட்டாவது கட்டத்துக்கு மேல் நின்றது.

"ரெண்டு பாக்கி," என்றார்.

"அது போனது போனதுதான் சார்," என்றாள் டாக்டர். "தொட்டியில ஒரு காலத்துல இருந்திருக்கும். வருஷக்கணக்குல, நடுவுல எங்கயோ வழிதவறிப் போயிருக்கும். ஏழு கிடைச்சதே பெரிசு."

வழிதவறி. வலையக்கா அந்தச் சொல்லிலேயே நின்றாள். தரைத்தொட்டியில் இருந்த மீன் வழிதவறினால் எங்கே போகும்? வக்கீல் பைக்குள் போனதே ஒன்று, அது எப்படிப் போனது? மெஷினுக்குத் தண்ணீர் தரைத்தொட்டியிலிருந்தா வருகிறது?

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அட்டை சாரின் பென்சில் முனை உடைந்தது. "இஸ்திரி மீன்! அது மெஷினுக்குள்ள எப்படி வந்துச்சு? மோட்டார் அதக் குஞ்சா இருக்கும்போது மேல ஏத்தியிருக்கு! மேல்தொட்டி சார்! ஏணி ஒடஞ்சுதுன்னு அந்தாளு ஏறாத தொட்டி! அத யாருமே கழுவல!"

வண்டிச் சாவி ஏற்கெனவே அட்டை சார் கையில் இருந்தது.

நாத்தனார் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, மூணாவது படியும் ஆறாவது படியும் கிடையாது. பாத்து. நீங்க விழுந்தா எங்க அண்ணனுக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது."

"விழுந்தா நீ சிரிச்சுக்க. கணக்கு சரியாப் போயிடும்."

வலையக்கா ஏறினாள். மூன்றைத் தாண்டினாள், ஆறைத் தாண்டினாள். மாடி வெயிலில் கருப்பாக நின்றது தொட்டி. மூடி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் நெம்பினாள். பாசி வாசனை குப்பென்று வந்தது. சுவரெல்லாம் பச்சை. டார்ச்சை அடித்தாள். தண்ணீர் கரும்பச்சையாகச் சும்மா கிடந்தது.

கீழே மூன்று பேரும் அண்ணாந்து நின்றார்கள்.

"இருக்கா அக்கா?"

"இருங்க."

"இருக்காம்மா?"

"சார், ஒரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருங்க!" பதினெட்டு வருடத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை.

பாசி ஓரத்தில் ஏதோ அசைந்தது. வெளிச்சத்தை அங்கே திருப்பினாள். ஒன்று இல்லை, ஒரு கூட்டம். முன்னால் வந்தது மட்டும் வித்தியாசமாக இருந்தது. அவள் கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். இப்படி ஒரு சுனைக்கெண்டையை அவள் பார்த்ததே இல்லை.

"சார்!" என்று கத்தினாள். "இதுக்குத் தங்கக்கோடே இல்ல சார்!"

"கோடே இல்லையா?"

"கோடே இல்ல! துளிகூட இல்ல!"

"கோடே இல்லையாம்மா!" அட்டை சார் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் குதித்தார். "கேட்டியா, கோடே இல்லையாம்! கோடே இல்லையாம்!"

நாத்தனார் ஏணியை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இல்லாததுக்கு ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்ல அண்ணி," என்றாள். "எத்தன இருக்குன்னு எண்ணுங்க. நான் போய் வலைப்பைய எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் எறங்கிடாதீங்க, ஏணியப் புடிக்க ஆளில்ல."

வலையக்கா எண்ண ஆரம்பித்தாள்.